விலை தப்பாகப் பில் ஆனால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்?

லேபிளில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சு எழுவதற்கு முன், தவறு எங்கே நடந்தது என்று பிரித்துவிடுங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த விலைக்கே பில் போட்டிருந்தால், கோளாறு பெரும்பாலும் கணினியில் விலை ஏற்றிய இடத்தில்தான். விலையைக் கையால் அடித்திருந்தால் கேள்வி கவுண்டருக்கு வரும்.

அன்றைக்கே பில் நகலை எடுத்து வையுங்கள். அதில் பில் எண், நேரம், பொருளின் குறியீட்டு எண் மூன்றும் தெரிய வேண்டும். அலமாரி லேபிளை ஆஃபர் தேதியோடு போட்டோ எடுங்கள் (கடைக்குள் போன் கூடாது என்றால் சூப்பர்வைசரை எடுக்கச் சொல்லுங்கள்). ஆஃபர் முடிந்தும் கழற்றாமல் விட்ட லேபிளால் வரும் வம்பு அதிகம். விலையை எந்த லாகின் எப்போது மாற்றியது என்ற பதிவை எடுத்து வைக்கும்படி மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் லாகினில் வேறொருவர் பில் போட்டிருந்தால் இதே பதிவு உங்களையே மாட்டிவிடும். கூட்ட நேரத்தில் உதவிக்கு வந்தவர் போட்ட பில்லும் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

விளக்கக் கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்ற வரி இருந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கையும் பாருங்கள்: 500க்கு விற்க வேண்டியது 450க்குப் போனால் இழப்பு ஒன்றுக்கு 50தான், 500 இல்லை.

கவனக்குறைவு வேறு, மோசடி வேறு. தெரிந்தவருக்காக வேண்டுமென்றே விலையைக் குறைத்தால் அது குற்ற வழக்குவரை போகலாம். தவறிப்போய் நடந்ததற்குப் போலீஸ் என்று மிரட்டினால், குற்றச்சாட்டை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சம்பளப் பிடித்தம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன்படி, ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் குறைந்திருந்தால்தான் பிடிக்கலாம். முதலில் விளக்கம் கேட்க வேண்டும், இழப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிரிட்டனின் 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், சில்லறை விற்பனை ஊழியரிடம் கல்லாவிலோ சரக்கிலோ குறைந்ததற்காக ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்க விடாது. ஆனால் வேலையை விடும்போது வாங்கும் கடைசிச் சம்பளத்துக்கு அந்த வரம்பு கிடையாது. அங்கே வேலை செய்பவர்கள் தகராறு ஓடும்போது அவசரப்பட்டு ராஜினாமா கொடுக்க வேண்டாம்.