வெளிநாட்டு டிராஃப்ட் வந்திருக்கிறதா? பேங்குக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

போன வருடம் சிங்கப்பூரில் எங்களோடு இருக்கும் அம்மா பெயருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. அங்கேயே குடியேறிக் காலமான பெரிய மாமா எழுதிவைத்ததில் அம்மாவுக்கு ஒரு சின்னப் பங்கு, அதை வக்கீல் ஆபீஸ்காரர்கள் பவுண்டு டிராஃப்டாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் பேங்க் வாசலில் இருக்கும் செக் பெட்டியில், பின்பக்கம் கணக்கு எண்ணை எழுதிப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். பதினோரு நாள் கழித்து டிராஃப்ட் அப்படியே திரும்பி வந்தது. மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டை, பின்னால் என் நீல மை, கூடவே 'ஏற்க இயலாது' என்று ஒரு துண்டுச் சீட்டு. காரணம் எதுவும் இல்லை. கடைசியில் பணம் அம்மா கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், இன்னொரு அம்மா காத்திருக்க வேண்டாம்.

முதலில் டிராஃப்டை மேசையில் வைத்து நிதானமாகப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் இருப்பது டிராஃப்டைக் கொடுத்த வங்கியின் பெயர். அதைவிட முக்கியம், பணம் தர வேண்டிய வங்கி எது, எந்த ஊரில் இருக்கிறது என்பது. அது பெரும்பாலும் சின்ன எழுத்தில் கீழேயோ ஓரத்திலோ இருக்கும். டிராஃப்ட் என்பது ஒரு வங்கி இன்னொரு இடத்தில் இருக்கும் வங்கிக்கோ தன் கிளைக்கோ 'இவருக்கு இவ்வளவு கொடு' என்று எழுதும் கடிதம், அவ்வளவுதான். நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை, அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், செட்டியார்கள் எழுதிக்கொடுத்த உண்டியல் என்ற பணச்சீட்டும் இதே வேலையைத்தான் செய்தது. அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டிய இடம் சிங்கப்பூராக இருந்து, தொகையும் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) இருந்தால் கவலையே இல்லை, உள்ளூர்ச் செக் மாதிரி அடுத்த வேலைநாளிலேயே மாறிவிடும். லண்டன், நியூயார்க், டொராண்டோ என்று இருந்தால் கதை வேறு. உள்ளூர்ச் செக்குகளின் படத்தை எடுத்துக் கணினி வழியே மாற்றும் ஏற்பாட்டுக்குள் இது வராது, அதனால் அந்தப் பெட்டியில் போடவே கூடாது.

நேரே கவுண்டருக்கும் போய் நிற்காதீர்கள், முதலில் போன் போடுங்கள். வெளிநாட்டுச் செக், டிராஃப்டு வாங்குவதைப் பல வங்கிகள் குறைத்துவிட்டன, சில நிறுத்தியே விட்டன. 2023 நவம்பர் முதல் இங்குள்ள பெரிய வங்கிகள் உள்ளூர்ச் செக்குக்கே கட்டணம் வாங்கத் தொடங்கின என்றால், கடல் தாண்டிப் போக வேண்டிய காகிதத்தின் மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்று பாருங்கள். போனில் கேட்க வேண்டியது: இந்த நாட்டு டிராஃப்டை, இந்த நாணயத்தில் எடுப்பீர்களா, எந்தக் கிளையில், கலெக்‌ஷனுக்கு அனுப்புவீர்களா அல்லது பர்ச்சேஸ் செய்வீர்களா, மொத்தம் எவ்வளவு பிடிப்பீர்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், கவுண்டரில் வேறு பதில் வந்தால் உதவும்.

கலெக்‌ஷன் என்றால் உங்கள் வங்கி அந்தக் காகிதத்தைத் தபாலில் அந்த நாட்டு வங்கிக்கு அனுப்பி, அங்கிருந்து பணம் வந்த பிறகுதான் உங்கள் கணக்கில் போடும். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதத்தையும் தாண்டும். பர்ச்சேஸ் என்றால் வங்கி தன் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு அப்புறம் வசூலித்துக்கொள்ளும். வேகம்தான், ஆனால் அங்கே டிராஃப்ட் செல்லாது என்று வந்துவிட்டால் கொடுத்த பணத்தை உங்களிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும், இடையில் நாணய மாற்று விகிதம் மாறியிருந்தால் அந்த நஷ்டமும் உங்கள் தலையில். எந்த வழியானாலும் இங்கே ஒரு கமிஷன், அங்கே அந்த வங்கியின் கட்டணம், தபால் செலவு என்று மூன்று நான்கு இடத்தில் பிடித்தம் உண்டு. நூறு இருநூறு பவுண்டு டிராஃப்டுக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. தொகை பெரிதென்றால், பல நாணயக் கணக்கு வைத்திருப்பவர்கள் பவுண்டைப் பவுண்டாகவே வரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இப்போது பெயர் விஷயம். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அம்மாவும் இதில்தான் மாட்டினார். அவருடைய அடையாள அட்டையில் சொந்தப் பெயர், டி/ஓ (இன்னாரின் மகள்), அப்பா பெயர் என்று இருக்கிறது. மாமா உயிலில் எழுதியது வீட்டில் சொல்கிற பெயர். வக்கீல் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, பின்னால் 'மிசஸ்' சேர்த்து, கணவர் பெயரையும் ஒட்டிவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையையும் டிராஃப்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போய், "ஆன்ட்டி, இதில் எது உங்கள் பெயர்?" என்று கேட்டார். அம்மா, "எல்லாமே நான்தான்மா" என்றார். உண்மைதான், ஆனால் வங்கிக்கு அது போதாது. ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் இதே தொல்லை, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், டிராஃப்டில் வெறும் ஒற்றை எழுத்தாக இருக்கும்.

ஓர் எழுத்துப் பிழை, இனிஷியல் முன்பின் என்றால் சில வங்கிகள் அடையாள அட்டை நகல், திருமணச் சான்றிதழ், 'இருவரும் ஒருவரே' என்று சொல்லும் சத்தியப் பிரமாணம் இவற்றை வைத்து ஏற்கும். இங்கே ஏற்றாலும் பணம் தர வேண்டிய வங்கி மறுக்கலாம், அப்போது ஆறு வாரம் வீண். அதனால் பெயர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வித்தியாசப்பட்டால் போராடாமல் மாற்றி வாங்குவதே நல்லது. தயவுசெய்து நீங்களே பேனா எடுத்துத் திருத்தாதீர்கள். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது சேதப்படுத்திய ஆவணம் ஆகிவிடும். பின்பக்கமும் கவுண்டரில் சொல்லும் வரை காலியாகவே இருக்கட்டும்.

தேதியையும் பாருங்கள். இந்திய வங்கி கொடுத்த டிடி (டிமாண்ட் டிராஃப்ட்) 3 மாதம்தான் செல்லும், 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி வைத்த விதி அது. அமெரிக்க அரசுக் கருவூலச் செக்குக்கு 1 வருடம். நீங்கள் கவுண்டரில் கொடுக்கும் நாள் மட்டும் கணக்கில்லை, தபாலில் போய்ச் சேரும் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், 03/04 என்றால் மார்ச் 4.

ரூபாய் டிடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் நிலம் விற்ற பங்கு, எல்ஐசி முதிர்வுத் தொகை என்று சென்னையிலோ தஞ்சாவூரிலோ மாற்றத்தக்க ரூபாய் டிடியை யாராவது கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். இந்தியன் வங்கி, ஐஓபி, எஸ்பிஐ எல்லாம் சிங்கப்பூரில் இருக்கின்றனவே என்று ராஃபிள்ஸ் பிளேசுக்கு ஓடாதீர்கள். ரூபாய் அப்படித் தாராளமாக வெளியே வரக்கூடிய நாணயம் இல்லை. இந்தியாவில் உங்கள் பெயரில் ஒரு என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு, இருக்க வேண்டும், டிடியை அங்கே போட்டு, வரி விவரங்களைக் கொடுத்து, அங்கிருந்து முறைப்படி இங்கே மாற்ற வேண்டும். என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுவரலாம். வழி நீளம்தான், ஆனால் சரியான வழி அது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கணக்கில் தொகை தெரிகிறது என்பதற்காகப் பணம் உங்களுடையது ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுச் சாமான் விற்கிறீர்கள், வாங்குபவர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி விலையைவிட அதிகத் தொகைக்கு டிராஃப்ட் அனுப்புகிறார், மீதியை 'பேநவ்' என்ற உடனடிப் பணமாற்றுச் சேவையில் திருப்பி அனுப்பச் சொல்கிறார் என்றால் அது மோசடி. டிராஃப்ட் போலி என்று சில வாரம் கழித்துத் தெரியவரும், நீங்கள் அனுப்பியது போனதுதான். சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வங்கி வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் பதில் சொல்லவில்லை என்றால் கலெக்‌ஷன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதை வைத்து எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எழுத்தில் வங்கி கொடுத்த இறுதிப் பதிலும் சரியில்லை என்றால் 'ஃபிட்ரெக்' என்ற நிதித்துறைப் பூசல் தீர்வு மையம் இருக்கிறது. வங்கியிடம் முதலில் புகார் கொடுத்திருந்தால்தான் அங்கே எடுப்பார்கள்.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது இதெல்லாம் இல்லை, டிராஃப்டையே திருப்பி அனுப்பியதுதான். பெறுபவர் அதை ரத்து செய்ய முடியாது, எடுத்தவர்தான் வங்கியில் மூலக் காகிதத்தைக் கொடுத்து ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கண்காணிப்பு எண்ணோடு பதிவுத் தபாலில் வக்கீலுக்கு அனுப்பினேன். கூடவே நேரடி வங்கி மாற்றத்துக்கான விவரங்களைத் தட்டச்சு செய்து வைத்தேன்: கணக்குப் புத்தகத்தில் இருக்கிறபடியே அம்மாவின் பெயர், கணக்கு எண், வங்கி முகவரி, வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கியை அடையாளம் காணும் ஸ்விஃப்ட் குறியீடு. பிஓஎஸ்பி கணக்கு என்றால் அதை நடத்தும் டிபிஎஸ் வங்கியின் குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும். வக்கீல் ஆபீஸிலிருந்து ஐபான் எண் (ஐரோப்பிய நாடுகளில் புழங்கும் நீளமான கணக்கு எண்) கேட்டு இரண்டு முறை மெயில் வந்தது. சிங்கப்பூரில் ஐபான் கிடையாது, கணக்கு எண்ணும் ஸ்விஃப்டும் போதும் என்று விளக்கி எழுதினேன், இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அனுப்பும் கட்டணத்தை அங்கேயே கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர்கள் அனுப்பிய மூன்றாம் நாள் காலையில் அம்மா கணக்குப் புத்தகத்தை இயந்திரத்தில் பதிந்து பார்த்துவிட்டு, தேக்காவிலிருந்தே எனக்குப் போன் செய்தார்.