சூழலுக்கு உகந்த வீடுகள்: பழைய திட்டத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடுகளில் மின்சாரத்தையும் தண்ணீரையும் சேமிக்கச் சொல்லிக்கொடுத்துப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு சமூகத் திட்டம் சோர்ந்துபோனால், நடத்துவோர் முதலில் கை வைப்பது பெயரிலும் சின்னத்திலும்தான். புதிய பதாகை, புதிய வண்ணம், ஒரு தொடக்க விழா. ஆனால் பெயர் பிடிக்காமல் விலகியவர்கள் அரிது. சொன்ன ஆலோசனையையே திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போனவர்களே அதிகம். எனவே முதலில் திருத்த வேண்டியது, வீடு வீடாகக் கொடுக்கும் சரிபார்ப்புப் பட்டியலை.

பழைய பட்டியலில் 'குண்டு பல்பை எடுத்துவிட்டு சிஎஃப்எல் பொருத்துங்கள்' என்று இருக்கும். பாதரசம் கொண்ட அந்த விளக்குகளின் இடத்தை எல்இடி எப்போதோ பிடித்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் இன்று 8 அல்லது 9 வாட்டில் கிடைக்கிறது. எல்லா விளக்குகளையும் மாற்றி முடித்த குடும்பத்திடம் மறுபடியும் விளக்கைப் பற்றியே பேசினால் அடுத்த கூட்டத்துக்கு ஏன் வருவார்கள்? அவர்களிடம் கூரை வெப்பம், ஜன்னல் இடுக்கு, தண்ணீர் சூடாக்கும் முறை பற்றிப் பேசுங்கள். வரிசையும் முக்கியம். காற்றுக் கசிவை அடைத்து, கூரைக்கு வெப்பக்காப்பு செய்த பிறகு ஏசி வாங்கினால் சிறியதே போதும்.

வாடகை வீட்டில் இருப்போரை மறப்பதுதான், என் கணிப்பில், இருப்பதிலேயே பெரிய தவறு. செலவு செய்ய வேண்டியவர் உரிமையாளர். கட்டணம் குறைந்தால் மிச்சம் குடியிருப்பவருக்கு. இந்த முடிச்சைத் தொடாமல் சோலார் பற்றியே பேசும் திட்டம், சொந்த வீட்டுக்காரர்களின் சங்கமாகச் சுருங்கிவிடும். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டியவரால் செய்யக்கூடியவையும் உண்டு. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் சில சொட்டு உணவு வண்ணத்தை விட்டு, அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் சரியாக மூடவில்லை. இரவும் பகலும் சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. இத்தகைய வேலைகளைப் பட்டியலில் சேருங்கள். உரிமையாளர்களையும் தனியே அழைத்துப் பேசுங்கள்.

அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் சிக்கனம் வரும் என்பது பாதி உண்மைதான். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சுற்றுவட்டாரச் சராசரியைச் சொன்னதும் அதிக மின்சாரம் செலவழித்தோர் குறைத்துக்கொண்டார்கள். குறைவாகச் செலவழித்தோரோ கூட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அனுப்பிய தகவல் தாளில் ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்தபோது அந்த ஏற்றம் நின்றது. ஆகவே சிக்கனமாக இருப்பவரைப் பாராட்டாமல் வெறும் எண்களை மட்டும் அனுப்பாதீர்கள்.

வந்தவர்களின் எண்ணிக்கையும் கொடுத்த சான்றிதழ்களும் பலனைச் சொல்லாது, மீட்டர்தான் சொல்லும். அதையும் போன மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுத் தொடக்கம் என்ற பெயரில் பழைய பதிவேடுகளைத் தூக்கிப்போடுவோரும் உண்டு. ஒப்பிடுவதற்கான தொடக்க அளவு அவற்றில்தான் இருக்கிறது. இடையில் நின்றுபோனவர்களின் பெயர்களும் அவற்றில்தான் இருக்கின்றன. கருத்துக் கேட்கும்போது, எப்போதும் முன்வரிசையில் உட்காருபவர்களிடம் போவதற்கு முன் இவர்களைத் தேடிப் போங்கள்.