தரம் 10 வகுப்பில் புற்றுநோய் பற்றிப் பேசுவது எப்படி? முதன்முறை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த வகுப்பறையை எடுத்தாலும், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போய்வரும் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளை அங்கே இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பாடத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். அழுகிய வாயின் படத்தைக் காட்டித் தொடங்காதீர்கள். பயந்த பிள்ளை காதை மூடிக்கொள்ளும். இரண்டு பாடவேளைகள் போதும்.

படி 1. அதிபரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இரண்டாவது பாடவேளைக்கு அழையுங்கள். முதலாவதை நீங்களே எடுங்கள்.

படி 2. முந்தைய நாளே எல்லோருக்கும் கால்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்றாவது எழுதட்டும். எல்லாப் பேனாவும் அசைந்தால்தான் உண்மையில் கேட்க நினைத்த பிள்ளை அடையாளம் தெரியாமல் கேட்கும். என்னைக் கேட்டால், முழுப் பாடத்திலும் இதுவே முக்கியமான வேலை.

வரும் கேள்விகளில் மூன்றை எதிர்பார்க்கலாம். "அம்மம்மாவின் கோப்பையில் சாப்பிட்டால் தொற்றுமா?" தொற்றாது. "அம்மாவுக்கு வந்தால் எனக்கும் வருமா?" பரம்பரையாகக் கிடைக்கும் மரபணு மாற்றத்தால் வருவது புற்றுநோயாளர் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். "வந்தால் சாவுதானா?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: சிலர் இறக்கிறார்கள், ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் பல வகைகளைக் குணப்படுத்த முடியும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். நோயாளிக்காக ஒரு நாடே நடந்தது என்று கேட்பது பிள்ளைக்குத் தெம்பு தரும்.

படி 3. கலப்பிரிவு விஞ்ஞானப் பாடத்தில் அவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பிரிவு கட்டுப்பாடிழந்து பெருகுவதே புற்றுநோய் என்று கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு நகருங்கள்.

படி 4. இனி வாய். இலங்கை ஆண்களிடையே முன்னிலையில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை விளையும் மண் நம்முடையது. வெற்றிலைத் தட்டம் வைக்காத நல்ல காரியமும் இங்கு இல்லை. அதனால் தாத்தாவைக் குற்றவாளி ஆக்காமல் பேச வேண்டும். "புகையிலை இல்லாமல் வெறும் பாக்குத்தானே" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முடிவுசெய்துவிட்டது.

பிறகு ஒரு கண்ணாடியை எடுத்து நீங்களே செய்து காட்டுங்கள். கையைக் கழுவி, வெளிச்சத்தைப் பார்த்து நின்று, உதட்டை மடித்து உட்புறத்தைப் பாருங்கள். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து உள்ளே பாருங்கள். நாக்கை நீட்டி இரு ஓரங்களையும், மேலே தூக்கி அடியையும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகிய எதையாவது கண்டால் வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ போக வேண்டும். கடைசியாக மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கு மெல்லுபவர்களுக்கு வாய் சிறிது சிறிதாக இறுகி, விரல்கள் நுழையாமல் போகும். அதுவும் எச்சரிக்கைதான்.

வீட்டுவேலை: வீட்டில் வெற்றிலை போடும் ஒருவருக்கு இதைச் செய்துகாட்டுவது. பேரப்பிள்ளை கேட்டால் அப்பப்பா வாயைத் திறப்பார்.

படி 5. பரிசோதகர் வரும் நாளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பேசச் சொல்லுங்கள். இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு இது 2017இல் தொடங்கியது. தவறவிட்டவர்கள் இருந்தால் பெயர்களை வகுப்பில் கூப்பிட்டுக் கேட்காமல், தனியாகக் குறித்துப் பணிமனைக்குக் கொடுங்கள். பெற்றோரின் ஒப்புதல் தாளையும் அன்றே அனுப்பிவிடுங்கள்.