பிசிவி வால்வைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஓடும் கார்களில் டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) தானாக மேலே எழும்பினாலோ, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கினாலோ, பிசிவி (கிராங்க் கேஸ் காற்றோட்ட) வால்வைப் பார்க்கச் சொல்வது சரியான யோசனைதான். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள் (என்ஜினின் அடிப்பகுதிக்குள்) இறங்கும் வாயுவை, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசையால் இழுத்து மீண்டும் எரிய அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த சீல் வழியாக வெளியேறும்.

காரின் பெயரை வைத்துக்கொண்டு வால்வைத் தேடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. அது இருக்கும் இடத்தை முடிவு செய்வது என்ஜினே. பழைய கரோலாவின் 1.8 லிட்டர் என்ஜினில் டேப்பட் கவரின் (என்ஜினின் மேல்மூடியின்) மேலேயே திருகப்பட்டிருப்பதால் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும். ஹோண்டா அக்கார்டின் 2.4 லிட்டர் என்ஜினிலோ மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். ஸ்கோடாவின் 1.8 டிஎஸ்ஐ என்ஜினில் தனி வால்வே கிடையாது. வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டருக்குள் ஒரு டயாஃப்ரமாக (மெல்லிய ரப்பர் சவ்வாக) அது அடங்கிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் இதைத் தேடுவது வீண் வேலை, ஏனெனில் டீசல் என்ஜினின் மேனிஃபோல்டில் பெட்ரோல் என்ஜினைப் போன்ற உறிஞ்சுவிசை கிடையாது. அதில் இருப்பது டர்போவுக்கு முன்னால் போய்ச் சேரும் பிரீத்தர் ஹோஸ்தான்.

டேப்பட் கவரிலிருந்து கிளம்பும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த தவறு. ஏர் ஃபில்டர் பக்கம் போவது சுத்தமான காற்று உள்ளே வரும் வழி. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் தாண்டி மேனிஃபோல்டில் சேரும் ஹோஸின் பாதையில்தான் வால்வு இருக்கும். ஆகவே மேனிஃபோல்டிலிருந்து பின்னோக்கி ஹோஸைத் தொடர்ந்து வருவதே நம்பகமான முறை. அப்போதும் இரண்டு பொருள்கள் ஏமாற்றும்: மின் இணைப்புடன் இருப்பது பெட்ரோல் ஆவியைக் கையாளும் பர்ஜ் வால்வு, தடித்த ஹோஸுடன் பிரேக் பூஸ்டருக்குப் போவது வேறொரு ஒருவழி வால்வு. பிந்தையதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும் என்பதால், இந்தக் குழப்பம் விளையாட்டல்ல.

கையில் எடுத்து ஆட்டினால் கடகடக்கவில்லை என்பதற்காக நல்ல வால்வைத் தூக்கி எறிவோரும் உண்டு. ஸ்பிரிங் வைத்த வகைதான் அப்படி ஒலிக்கும். டயாஃப்ரம் வகை ஒலிக்காது, கார்ப்ரேட்டர் கிளீனர் பட்டால் அதன் ரப்பரும் கெட்டுவிடும்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு தொல்லை கூடுதலாக உண்டு. உப்புக் காற்றில் ஹோஸ் கிளிப்பின் திருகு துருவேறி இறுகிவிடுகிறது. என்ஜின் சூட்டில் ஹோஸும் வால்வின் பிளாஸ்டிக் மூக்கும் மொறுமொறுப்பாகிவிடுகின்றன. அந்த நிலையில் பிளையரால் பிடித்து இழுத்தால் மூக்கு உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். என்ஜின் ஆறியபின் துரு நீக்கும் எண்ணெயைத் திருகில் விட்டு, ஹோஸை இழுக்காமல் முதலில் இருபுறமும் மெல்லத் திருகித் தளர்த்த வேண்டும். கழன்றுவராத பழைய ஹோஸை நெடுக்காகக் கீறி எடுத்துப் புதியது போடுவதே லாபம். தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்வந்த வண்டியில் வால்வைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நுண்மணல் படிந்திருக்கும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுக்காமல் வால்வை உருவினால், மணல் என்ஜினுக்குள் விழும்.