மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைப்பது எப்படி?

கரடுமுரடான பாதைகளுக்கென்று ஒரு நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கியவுடன், பெரும்பாலானோர் முதலில் தேடுவது உதிரிபாகப் பட்டியலைத்தான்: உயரம் கூட்டும் சஸ்பென்ஷன், இரும்பு பம்பர், புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச், கூரைமேல் விளக்கு வரிசை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அத்தனையும் பூட்டிய வண்டியோடு முதன்முறை மணலில் இறங்கி, சிறிது தூரம்கூடப் போவதற்குள் பாதிச் சக்கரம் புதைந்து நின்றபோது, பின்னால் வந்த ஒருவர் வின்ச்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு டயரின் அருகிலும் குந்தி உட்கார்ந்து, சாவி முனையால் காற்றை இறக்கினார். சக்கரங்களைச் சுற்றியிருந்த மணலைக் கையால் வழித்துவிட்டு, "இப்போது மெதுவாகப் பின்னால் எடுங்கள்" என்றார். வண்டி வெளியே வந்துவிட்டது. ஆகவே, புதிதாக வண்டி வாங்கியவர் எதையும் மாற்றிப் பூட்டுவதற்கு முன் கற்க வேண்டியது டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும்தான் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் என்ன?

2,000 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 500 கிலோவைத் தாங்குகிறது என்று கொள்வோம். டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ அழுத்தம் இருந்தால், அந்த 500 கிலோவைத் தாங்க 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையைத் தொட்டாலே போதும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் தரையைத் தொடும் பரப்பு கணக்குப்படி இரட்டிப்பாக வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால், நடைமுறையில் சற்றுக் குறைவாகவே கூடும். டயர் அகலமாகப் பிதுங்கிப் பரவுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பரப்பு முக்கியமாகக் கூடுவது முன்னும் பின்னும், நீளவாக்கில்தான்.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஒரு தடித்த தாளை டயரின் முன்பக்க அடியில் நுழைத்து, அது முட்டி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பின்பக்கமும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீண்டும் தாளை நுழைத்தால், இரண்டு கோடுகளுக்கும் வெளியிலேயே தாள் முட்டி நிற்பதைக் காண்பீர்கள்.

இது புதிய உத்தியும் அல்ல. 1920, 30-களில் லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டும் அவருடைய தோழர்களும், டயர் காற்றைக் குறைத்தும், புதைந்த சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைச் செருகியும்தான் மணற்குன்றுகளைக் கடந்தார்கள்.

முதற்படி: உங்கள் வண்டியின் அடிப்படை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முன், பின் டயர்களுக்கான அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. காற்றின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும் என்பதால், வெகுதூரம் ஓடிச் சூடேறிய டயரை அளந்துவிட்டு, காற்று அதிகமாக இருக்கிறதென்று இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே. அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு.

இரண்டாம் படி: கருவிகள்

தேவைப்படுபவை மூன்றுதான்: நம்பகமான அழுத்தமானி, காற்று இறக்கும் கருவி, 12 வோல்ட் கம்ப்ரஸர். இவற்றுள் காற்று இறக்கும் கருவி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்; வால்வின் நடுவிலுள்ள ஊசியைச் சாவி முனையால் அழுத்தினாலே காற்று இறங்கும். கம்ப்ரஸர் இல்லாமல் மட்டும் காற்றைக் குறைக்கவே கூடாது, ஏனெனில் தளர்ந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாக வீடு திரும்புவது புதைவதைவிட ஆபத்தானது. சற்றுத் திறன் கூடிய கம்ப்ரஸர் இழுக்கும் மின்னோட்டத்தை வண்டிக்குள் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட் தாங்காது, பியூஸ் போய்விடும். அதன் கிளிப்புகளை நேரடியாகப் பேட்டரியில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் படி: காற்றை இறக்குதல்

மணலோ சேறோ தொடங்குவதற்கு முன்பே, கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் போடுங்கள். புதைந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்ற சோம்பல் எல்லோருக்கும் வரும், ஆனால் அப்போது வால்வே மணலுக்குள் இருக்கக்கூடும். வால்வு மூடிகளைக் கழற்றியவுடன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பம்பர்மேல் வைத்த மூடி திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஊசியை அழுத்தியதும் சீறிக்கொண்டு வெளிவரும் காற்று விரலைச் சில்லென்று குளிர்விக்கும். முதல் டயரில் 5 பி.எஸ்.ஐ. குறைய எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணி வைத்துக்கொண்டால், மற்ற டயர்களில் ஏறக்குறைய அதே கணக்கில் இறக்கிவிட்டு இறுதியில் ஒருமுறை அளந்து சரிபார்க்கலாம். டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதற வேண்டாம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

எவ்வளவு குறைப்பது? 35 பி.எஸ்.ஐ.யில் ஓடும் வண்டிக்குச் சரளைப் பாதையில் 26 முதல் 28 வரையும், பாறைத் தடத்திலும் சேற்றிலும் 20-ஐ ஒட்டியும், இளமணலில் 15 முதல் 18 வரையும் தொடக்கநிலை அளவாக வைத்துக்கொள்ளலாம். சுமை ஏற்றிய கனமான வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவும், எடை குறைந்த சிறிய வண்டிக்குச் சற்றுக் குறைவாகவும் வைக்க வேண்டும். 12-க்குக் கீழே போவது புதைந்த வண்டியை வெளியே எடுப்பதற்கு மட்டுமே, அதுவும் நடைவேகத்தில். இல்லையெனில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

நான்காம் படி: தளர்ந்த டயரில் ஓட்டுதல்

மணலில் கால் வைக்கும் முன்பே நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிடுங்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டிகளில் இதே இயக்கத்தைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால், திருப்பங்களில் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக் கியர்ப்பெட்டியைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 18 பி.எஸ்.ஐ.யும் அதற்குக் கீழும் இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் ஓட்ட வேண்டும். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானாக நிற்கும்படி விடுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரங்களுக்கு முன்னால் மணல் குவிந்து, மீண்டும் கிளம்பும்போது அதுவே தடையாகிவிடும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது இன்னும் நல்லது.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியிலேயே காலை எடுத்துவிட வேண்டும். தொடக்கக்காரர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்: இன்னும் கொஞ்சம் மிதித்தால் வந்துவிடும் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைத் தரையில் உட்கார வைத்துவிடும். உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இறங்கி, நான்கு சக்கரங்களையும் சுற்றியும் வண்டியின் அடியிலும் உள்ள மணலை அகற்றி, மேலும் 3 பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி முயலுங்கள்.

இன்னொரு வண்டியால் இழுக்க நேர்ந்தால், சேஸிஸில் பொருத்தப்பட்ட இழுவைக் கொக்கிகளில் மட்டுமே பட்டையை மாட்டுங்கள். டிரெய்லர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். இழுவிசையில் அது முறிந்து குண்டுபோலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வண்டியில் ஏதேனும் பூட்டியே தீர வேண்டும் என்று கை அரித்தால், விளக்கு வரிசைக்கு முன் முறையான கொக்கிகளை முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மீண்டும் காற்றடித்தல்

தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நான்கு டயர்களையும் அடிப்படை அளவுக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்த டயர் வேகத்தில் ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறி, உள்ளிருக்கும் இழைகள் விட்டுப்போய், எச்சரிக்கையின்றி வெடிக்கக்கூடும். சிறிய கம்ப்ரஸர்கள் தொடர்ந்து ஓடினால் கொதித்துவிடும் என்பதால், அதன் கையேட்டில் சொன்ன நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு டயரின் உட்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்த்தால், வெளியிலிருந்து கண்ணுக்குப் படாத வெட்டும் வீக்கமும் விரலில் தட்டுப்படும். தரையைத் தொடும் ரப்பர் பட்டன்களுக்கிடையில் செருகியிருக்கும் கற்களையும் அப்போதே நெம்பி எடுத்துவிடலாம். மணலில் ஓடிய டயர் சூடாக இருக்கும் என்பதால் இப்போது அடித்த அளவு முழுச் சரியாக இராது. மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் மீண்டும் அளந்து சரிசெய்துவிட்டு, சட்டைப் பையில் நான்கு மூடிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத் திருகி மூடுங்கள்.