வெள்ளத்தில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

கார்த்திகை, மார்கழி மழை கனத்தால் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாயும். பாய்கிற நீரில் காரை இறக்கவே வேண்டாம். முழங்காலளவு நீரே சின்னக் காரை இழுத்துவிடும்.

நான் சொல்ல வந்தது ஊருக்குள் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி. சில்லின் பாதிக்கு நீர் வந்துவிட்டால் திரும்பிவிடுங்கள். குறைவென்றால் முதலாம் கியரில், நிறுத்தாமல், மெதுவாகப் போகலாம்.

இடையில் எஞ்சின் நின்றுவிட்டதா? தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். காற்று இழுக்கும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் போயிருக்கலாம். காற்றைப்போல நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது அதைத் தாங்கும் தண்டு (கொனெக்டிங் ரொட்) வளைந்துவிடும். கல்லடியில் எனக்கு இதுதான் நடந்தது. "இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க அண்ணன்" என்று பக்கத்தில் நின்ற தம்பி சொல்ல, திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம். எஞ்சினையே கழற்ற வேண்டியதாயிற்று.

நாலு பேரைக் கூப்பிட்டுக் காரை மேட்டுக்குத் தள்ளுங்கள். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் கராஜுக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். அப்புறம் எஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியையும் உருவிப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது, மாற்றாமல் ஓடக் கூடாது.

நிற்காமல் கடந்து வந்துவிட்டாலும் சரி, பிரேக் நனைந்திருக்கும். கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடியபடி லேசாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள்.