பிளாக்செயின் வாக்கெடுப்பு: ‘ஆம்’ அழுத்தும் முன் சறுக்கும் இடங்கள்

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேடு. பல பிளாக்செயின்களில், அதன் டிஜிட்டல் நாணயமான டோக்கனை வைத்திருப்பவர்களே மாற்றங்களுக்கு வாக்களிக்கிறார்கள். 2022 மே மாதம் ஜூனோ என்ற பிளாக்செயினில் காரசாரமான ஒரு வாக்கெடுப்பு முடிந்திருந்தது. ஒரு முதலீட்டாளர் பல வாலட்டுகள் (டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பணப்பைகள்) வழியாக இலவச டோக்கன்களை அளவுக்கு மீறி வாங்கிவிட்டார் என்பது புகார். அவரிடமிருந்து சுமார் 30 லட்சம் டோக்கன்களை எடுத்து, சமூகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள முகவரிக்கு மாற்றலாம் என்று பெரும்பான்மை வாக்களித்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 3 கோடியே 60 லட்சம் டாலர். அதைச் செய்யும் மென்பொருள் மேம்படுத்தல் ஓடியது, டோக்கன்களும் நகர்ந்தன. போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

நிரல் எழுதியவர்களுக்குப் போன குறிப்பில் சரியான முகவரி இருந்தது. அதற்குக் கீழேயே ஒரு பரிவர்த்தனையின் ஹேஷும், அதாவது அதன் அடையாளக் குறியும், இருந்தது. அவர்கள் நகலெடுத்து ஒட்டியது ஹேஷை. யாரிடமும் சாவி இல்லாத ஓர் இடத்துக்கு அவ்வளவும் போய்விட்டது. அந்த நிரலைத் தங்கள் கணினியில் ஏற்றி ஓட்டிய வாலிடேட்டர்கள், அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துச் சங்கிலியை நடத்துபவர்கள், நூற்றுக்கும் மேல். ஒருவர் கண்ணிலும் படவில்லை. நியாயம் யார் பக்கம் என்று வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். முகவரியைச் சரிபார்க்க மட்டும் ஆள் இல்லை.

தலைப்பையும் முதல் பத்தியையும் படித்துவிட்டு ஓட்டுப் போடுவதுதான் இந்த உலகின் ஆகப் பெரிய தவறு. நிரல் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பணம் எந்த முகவரிக்குப் போகிறது, எவ்வளவு, எந்த மென்பொருள் பதிப்பு, எந்த பிளாக் (கணக்கேட்டின் ஒரு பக்கம் போன்ற பதிவுத் தொகுப்பு) எண்ணில் மாற்றம் என்ற நான்கையும் முன்மொழிவின் விவரப் பகுதியில் நீங்களே பார்க்கலாம். விளக்கத்தில் ஒன்றும் விவரத்தில் வேறொன்றும் இருந்தால், வாக்கைப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

விளக்கம் பொய் சொல்லவும் செய்யும். 2023 மே மாதம், எத்தீரியம் பிளாக்செயினில் பணத்தின் தடத்தை மறைக்க உதவும் டொர்னாடோ கேஷ் திட்டத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. முன்பு நிறைவேறிய ஒன்றின் அதே நிரல்தான் இது என்றது விளக்கம். உண்மையில் உள்ளே கூடுதலாக ஒரு செயல்பாடு ஒளிந்திருந்தது. அது நிறைவேறிய பிறகு, அதே முகவரியில் இருந்த நிரலை, முன்மொழிந்த ஆசாமி மாற்றி வைத்துத் தனக்குத்தானே 12 லட்சம் வாக்குகளை எழுதிக்கொண்டார். அங்கே இருந்த நேர்மையான வாக்குகள் சுமார் 7 லட்சம்தான். ‘போன தடவை மாதிரியேதான்’ என்ற வரியைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

அப்புறம், டோக்கனை எக்ஸ்சேஞ்சில் (டோக்கன் வாங்கி விற்கும் சந்தை நிறுவனத்தில்) வைத்துவிட்டு ‘எனக்கு அரசியல் வேண்டாம்’ என்று இருப்பது. நீங்கள் ஒதுங்கினாலும் உங்கள் டோக்கன் ஒதுங்காது. 2020-இல் ஸ்டீம் பிளாக்செயினில் நடந்ததைப் பாருங்கள். டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அந்த நிறுவனத்தின் பெரும் டோக்கன் இருப்பு வாக்களிக்கப் பயன்படாதபடி, நெட்வொர்க்கை நடத்தும் ‘விட்னஸ்’கள் அதை முடக்கினார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹூவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த டோக்கன்கள் வாக்குகளாக மாறி, பழைய விட்னஸ்களை வெளியே தள்ளின. அப்படி வாக்களிக்க டோக்கனைப் பூட்ட வேண்டும். ஸ்டீமில் பூட்டியதைத் திறக்க 13 வாரம். வழக்கமான மேம்படுத்தல் என்று நினைத்துவிட்டோம் என்று பைனான்ஸ் தரப்பு பின்னர் விளக்கி, வாக்கையும் திரும்பப் பெற்றது. அதாவது முன்மொழிவைச் சரியாகப் பார்க்காத தவறை எக்ஸ்சேஞ்சே செய்தது, அதுவும் வாடிக்கையாளரின் பணத்தைக் கொண்டு. அந்த மாதமே சமூகத்தில் பெரும்பகுதி பிரிந்துபோய் ஹைவ் என்ற தனிச் சங்கிலியைத் தொடங்கியது.

சொந்த வாலட்டிலிருந்து ஸ்டேக் செய்தவர்களுக்கும், அதாவது ஒரு வாலிடேட்டரின் பேரில் டோக்கனைப் பூட்டி வைத்தவர்களுக்கும், இதே விஷயம் வேறு உருவில் உண்டு. காஸ்மாஸ் ஹப் என்ற பிளாக்செயினில் நீங்கள் வாக்களிக்காவிட்டால், உங்கள் வாலிடேட்டர் போட்ட வாக்கு உங்கள் டோக்கனுக்கும் சேர்ந்துவிடும். நீங்களே வாக்களித்தால் உங்கள் வாக்குதான் செல்லும். பலர் கமிஷன் குறைவு என்று வாலிடேட்டரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் கடந்த ஐந்தாறு தீர்மானங்களில் என்ன போட்டார் என்று பார்ப்பதே இல்லை.

காஸ்மாஸில் இன்னொரு குழப்பம் பொத்தான்களில். ‘ஆம்’, ‘இல்லை’, ‘வீட்டோவுடன் இல்லை’, ‘விலகல்’ என்று நான்கு. ‘வீட்டோவுடன் இல்லை’ என்பதைக் கோபமாகச் சொல்லும் ‘இல்லை’ என்று நினைத்து அழுத்துபவர்கள் ஏராளம். அது வேறு ஆயுதம். பதிவான வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அதற்கு விழுந்தால், பெரும்பான்மை எந்தப் பக்கம் இருந்தாலும் தீர்மானம் செத்தது. முன்மொழிந்தவர் கட்டிய வைப்புத்தொகையும் எரிந்துபோகும். 2022 நவம்பரில் காஸ்மாஸ் ஹப்பின் ‘ஆட்டம்’ (ATOM) டோக்கனை மாற்றியமைக்க வந்த 82-ஆம் முன்மொழிவு அப்படித்தான் விழுந்தது. ‘ஆம்’ சுமார் 47 சதவீதம், வீட்டோ சுமார் 37. விலகியவர்களைக் கழித்துப் பார்த்தால் ‘ஆம்’ பாதிக்கு மேல்!

‘விலகல்’ நம்ம ஊர் நோட்டா மாதிரி என்று நினைப்பதும் பாதிதான் சரி. குறைந்தபட்சம் 40 சதவீத வாக்கு பதிவாக வேண்டும் என்ற கோரம் கணக்கில் விலகலும் சேரும்; ஆம்-இல்லை கணக்கில் சேராது. 2023 நவம்பரில் ‘ஆட்டம்’ டோக்கனின் அதிகபட்சப் பணவீக்கத்தை (புதிய டோக்கன்கள் உருவாகும் ஆண்டு விகிதத்தை) 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கும் 848-ஆம் முன்மொழிவுக்குக் கிடைத்த ‘ஆம்’ வெறும் 41 சதவீதம். எதிர்ப்பு 38-ஐத் தாண்டியது. மீதி 20 சதவீதம் விலகல். நிறைவேறிவிட்டது. தோற்கடிக்க நினைத்து விலகலை அழுத்தியவர், கோரத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்தான்.

நேரக் கணக்கிலும் ஏமாறுவார்கள். காஸ்மாஸில் வாக்குப்பலம் கணக்காவது காலக்கெடு முடியும் தருணத்தில். நடுவில் ஸ்டேக்கை எடுத்துவிட்டால், போட்ட வாக்கு வெறும் சத்தம். மனம் மாறினால் கடைசி நொடி வரை வாக்கை மாற்றவும் செய்யலாம். எத்தீரியத்தில் இயங்கும் காம்பவுண்ட், யூனிஸ்வாப் போன்ற நிதித் திட்டங்களில் நேர் எதிர்: வாக்கெடுப்பு தொடங்கும் பிளாக்கில் உங்களுக்கு என்ன பலம் இருந்ததோ அதுதான். அதுவும் முன்கூட்டியே யாருக்காவது, குறைந்தது உங்களுக்கே, வாக்குரிமையை ஒப்படைத்திருக்க வேண்டும். டோக்கன் கையில் இருந்தால் மட்டும் போதாது. போல்காடாட் என்ற பிளாக்செயினில் டோக்கனைப் பூட்டி வாக்கைப் பெருக்கலாம். ஆறு மடங்குக்கு ஆசைப்பட்டால் 224 நாள் பூட்டு. பாதியில் பணம் தேவைப்பட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பிட்காயினில் டோக்கன் வாக்கே கிடையாது. அங்கே மைனர்கள் (கணினித் திறனைக் கொண்டு புதிய பிளாக்குகளை உருவாக்குபவர்கள்) ஒரு மாற்றத்துக்கு ஆதரவாகக் காட்டும் சமிக்ஞையைத் தேர்தல் முடிவாகப் படிப்பவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். 2017 மே மாதம், பிளாக்கின் அளவைப் பெரிதாக்கும் செக்விட்2எக்ஸ் ஒப்பந்தத்துக்கு மைனிங் திறனில் 83 சதவீதம் ஆதரவு என்றார்கள். ஆனால் நோடு நடத்துபவர்கள், அதாவது பிட்காயின் மென்பொருளைத் தங்கள் கணினியில் ஓட்டி விதிகளைச் சரிபார்ப்பவர்கள், பலர் அதை ஏற்கவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி திட்டமே கைவிடப்பட்டது.

சரி, வாக்கெடுப்பு முடிந்து மேம்படுத்தல் நாள் வந்துவிட்டது. காஸ்மாஸ் வகைச் சங்கிலி குறித்த பிளாக்கில் நின்று, வாலிடேட்டர்கள் புதிய மென்பொருளுக்கு மாறிய பிறகே மீண்டும் ஓடும். எக்ஸ்சேஞ்சுகளும் அந்த நேரத்தில் பணம் போடுவதையும் எடுப்பதையும் நிறுத்தி வைப்பது வழக்கம். அவசரப் பரிமாற்றம் இருந்தால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். மோசடிக்காரர்களுக்கு அதுதான் அறுவடை நாள். ‘பழைய டோக்கனைப் புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று இணைப்பு வரும். சில சமயம் முன்மொழிவு வடிவிலேயே வாக்கெடுப்புப் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட மேம்படுத்தலில் மாறுவது வாலிடேட்டரின் மென்பொருள்தான். உங்கள் டோக்கன் இருந்த இடத்திலேயே இருக்கும். வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.